பல்பை மாற்றினால் க்ரூஸ் ஏன் நிற்கிறது?

காரின் பின்பக்க பிரேக் விளக்கில் இருந்த பழைய பல்புகளைக் கழற்றிவிட்டு எல்.இ.டி. பல்புகளை மாட்டுகிறார் ஒருவர். விளக்கு முன்பைவிடப் பளிச்சென்று இருக்கிறது. பிரேக்கை மிதித்தால் எரிகிறது, காலை எடுத்தால் அணைகிறது. குறை சொல்ல ஒன்றுமில்லை. மறுநாள் நெடுஞ்சாலையில் ஏறியதும் ஸ்டீயரிங்கில் உள்ள ‘செட்’ பொத்தானை அழுத்துகிறார். வண்டி கண்டுகொள்ளவே இல்லை. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் வேகம் இறங்குகிறது. நேற்றுவரை மணிக்கணக்கில் ஒரே வேகத்தில் ஓடிய காருக்கு இன்று என்ன வந்தது? ‘பல்பு மாற்றினீர்களே, அதனால்தான்’ என்று யாராவது சொன்னால், மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுகிறார் என்றுதான் தோன்றும்.

முடிச்சு உண்மையிலேயே இருக்கிறது. 1980களிலும் 90களிலும் அமெரிக்கச் சாலைகளில் ஓடிய பல ஃபோர்டு கார்களில் இதைக் காணலாம். எல்.இ.டி. போடாவிட்டாலும் பரவாயில்லை, பிரேக் பல்புகள் எல்லாம் எரிந்துபோனாலே அந்தக் கார்களில் க்ரூஸ் கண்ட்ரோல் படுத்துவிடும். பின்னால் இருக்கும் ஒரு விளக்குக்கும் முன்னால் எஞ்சினுக்குப் போகும் கட்டளைக்கும் என்ன உறவு என்பதை அவிழ்த்துப் பார்ப்பதுதான் இந்த அத்தியாயத்தின் வேலை. கூடவே ஒரு கருத்தையும் வாதிட்டு நிலைநாட்டப் பார்க்கிறேன்: க்ரூஸ் நின்றுபோன காரில் முதலில் தேடவேண்டியது வந்துசேராத அனுமதியை, உடைந்த பாகத்தைத் தேடுவது அதற்குப் பிறகு. சொல்லும்போது இது வெறும் வார்த்தை விளையாட்டுபோல இருக்கும். பட்டறையில் ஒருவர் அரை மணி நேரத்தில் பழுதைப் பிடிப்பதும் இன்னொருவர் மூன்று பாகங்களை வாங்கிப் போட்டுவிட்டுக் கையைப் பிசைவதும் பெரும்பாலும் இந்த வேறுபாட்டால்தான்.

ஒரே வேகத்தில் வைப்பது எப்படி?

க்ரூஸ் கண்ட்ரோலைத் தமிழில் ‘நிலைவேகக் கட்டுப்பாடு’ எனலாம். பேச்சில் எல்லாரும் சொல்வதுபோல நாமும் க்ரூஸ் என்றே சொல்வோம். அதன் அடிப்படை வேலை எளிது. கார் இப்போது என்ன வேகத்தில் போகிறது என்று பார், ஓட்டுநர் கேட்ட வேகத்தைவிடக் குறைவாக இருந்தால் எஞ்சினுக்குக் கொஞ்சம் கூடுதல் காற்றைத் திறந்துவிடு, அதிகமாக இருந்தால் கொஞ்சம் மூடு, மறுபடி பார். செய்த வேலையின் விளைவைப் பார்த்து அடுத்த வேலையைத் திருத்திக்கொள்ளும் இந்த முறைக்குப் பின்னூட்டம் என்று பெயர். தோசைக்கல் காய்ந்துவிட்டதா என்று தண்ணீரைத் தெளித்துப் பார்த்துத் தீயைக் கூட்டிக் குறைப்பவர் செய்வதும் அதுதான். 1788-இல் ஜேம்ஸ் வாட் தன் நீராவி எஞ்சினில் பொருத்திய சுழலும் இரு குண்டுகள் இதையே எந்த மின்சாரமும் இல்லாமல் செய்தன. எஞ்சின் வேகமாகச் சுற்றினால் குண்டுகள் விரிந்து எழும். எழுந்தால் நீராவி வரும் வழி குறுகும்.

காருக்குள் இதைக் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் ரால்ஃப் டீட்டர். 1890-இல் அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் பிறந்து, ஐந்து வயதில் பார்வை இழந்து, பொறியியல் படித்து, பிஸ்டன் ரிங் செய்யும் நிறுவனம் ஒன்றின் தலைவராக உயர்ந்தவர். அவருடைய வழக்கறிஞர் கார் ஓட்டியபடியே பேசுவாராம். பேசும்போது வேகம் குறையும், கேட்கும்போது கூடும். அந்தக் குலுக்கலில் உட்கார்ந்திருந்தபோதுதான் டீட்டருக்கு யோசனை பிறந்தது என்பார்கள். கதை எப்படியிருந்தாலும் 1950-இல் காப்புரிமை கிடைத்தது, 1958-இல் கிரைஸ்லர் நிறுவனம் விலையுயர்ந்த கார்களில் ‘ஆட்டோ பைலட்’ என்ற பெயரில் அதை விற்றது. 1973-இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு, சீரான வேகத்தில் ஓட்டினால் பெட்ரோல் மிச்சம் என்ற கணக்கில் அது பரவலாயிற்று.

மாறிவந்தது கை மட்டும்தான். எஞ்சின் உறிஞ்சும்போது உண்டாகும் வெற்றிடத்தால் இயங்கும் ரப்பர்ச் சவ்வு ஒன்று ஆக்சிலரேட்டர் கேபிளை இழுத்த காலம் இருந்தது. பிறகு அந்த இடத்துக்கு ஒரு சிறு மோட்டார் வந்தது. இன்று பெரும்பாலான கார்களில் கேபிளே இல்லை, எஞ்சின் கணினியே காற்று வாசலைத் திருப்புகிறது. இவற்றில் எந்தக் கையாக இருந்தாலும், வேகத்தைப் பிடித்துவைப்பது க்ரூஸின் வேலையில் பாதிதான். மறுபாதி, பிடித்ததைக் கணத்தில் விட்டுவிடுவது. மின்பழுதுகள் குடியிருப்பது பெரும்பாலும் இந்த இரண்டாம் பாதியில்.

மறுக்கும் உரிமை பெற்றவர்கள்

ஓட்டுநர் காலை எடுத்தபிறகும் எஞ்சினைத் திறந்து வைத்திருக்கும் அதிகாரம் காரில் க்ரூஸுக்கு மட்டுமே உண்டு. ஆகவே அதை வடிவமைத்தவர்கள் ஒரு பெரிய கூட்டத்துக்கு மறுப்புரிமை கொடுத்தார்கள். பிரேக் மிதிபடுகிறதா, கிளட்ச் அழுத்தப்பட்டிருக்கிறதா, கியர் நியூட்ரலில் இருக்கிறதா, வேகம் சொல்லும் உணரி ஒழுங்காகச் சொல்கிறதா, பல கார்களில் மணிக்கு 40 கிலோமீட்டர் அளவில் இருக்கும் கீழ்வரம்பைத் தாண்டியாயிற்றா என்று ஒவ்வொருவரும் ‘சரி’ சொன்னால்தான் க்ரூஸ் பிடிக்கும். ஒரே ஒருவர் ‘கூடாது’ என்றாலும் விட்டுவிடும். இன்றைய கார்களில் எஞ்சின் எச்சரிக்கை விளக்கு எரிந்தாலே க்ரூஸும் சேர்ந்து அணைவதை நிறையப் பேர் கவனித்திருப்பார்கள். க்ரூஸில் ஒன்றும் கெடவில்லை. சந்தேகம் இருக்கும் எஞ்சினைத் தானாக ஓட்டமாட்டேன் என்று கணினி ஒதுங்கிக்கொள்கிறது.

கேட்கவேண்டிய கேள்வி அடுத்தது: யாருமே எதுவும் சொல்லாவிட்டால்? கம்பி அறுந்துபோய், பிரேக்கிலிருந்து எந்தச் செய்தியும் வராவிட்டால் க்ரூஸை நடத்தும் மின்னணுப் பெட்டி அதை எப்படி எடுத்துக்கொள்ளவேண்டும்? ‘செய்தி இல்லை, ஆகவே பிரேக் மிதிபடவில்லை’ என்று எடுத்துக்கொண்டால், கம்பி அறுந்த காரில் ஓட்டுநர் பிரேக்கை மிதித்தாலும் க்ரூஸ் எஞ்சினை விடாது. ஒரு கால் நிறுத்தப் பார்க்கும். ஒரு பெட்டி ஓட்டப் பார்க்கும். ஆகவே மௌனத்தை மறுப்பாகவே எடுத்துக்கொள்ளவேண்டும். மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்று நாம் சொல்லிப் பழகியிருக்கிறோம். க்ரூஸ் பெட்டியிடம் அந்தப் பழமொழி செல்லாது. இதற்குத்தான், பிரேக் மிதிபடாத நேரத்திலும் ‘நான் நலமாக இருக்கிறேன், மிதிபடவில்லை’ என்று சொல்லிக்கொண்டே இருக்கும் ஒரு வழி தேவைப்பட்டது. அந்த வழியாகப் பழைய வடிவமைப்பாளர்கள் பிடித்துக்கொண்டது, ஏற்கெனவே காரில் இருந்த பல்பை.

இழை வழியே போகும் செய்தி

பிரேக் விளக்கின் சுற்று மிக எளியது. பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக ஒரு கம்பி பிரேக் பெடலின் சுவிட்சுக்கு வருகிறது. சுவிட்சிலிருந்து இன்னொரு கம்பி பின்பக்கப் பல்புகளுக்குப் போகிறது. பல்பின் மறுமுனை காரின் இரும்பு உடலில், அதாவது எர்த்தில் சேர்கிறது. மிதித்தால் சுவிட்ச் மூடிக் கம்பியில் 12 வோல்ட் வரும், பல்பு எரியும். க்ரூஸ் பெட்டியின் ஒரு கம்பி, சுவிட்சுக்கும் பல்புக்கும் நடுவில் இந்தப் பாதையோடு இணைந்திருக்கிறது. 12 வோல்ட் வந்தால் பிரேக் மிதிபட்டது என்று பெட்டி உடனே தெரிந்துகொள்ளும். இதுவரை புதிர் இல்லை.

மிதிக்காதபோது அந்தக் கம்பியில் என்ன இருக்கும்? சுவிட்ச் திறந்திருப்பதால் பேட்டரிப் பக்கத்திலிருந்து ஒன்றும் வராது. ஆனால் மறுபக்கம் பல்பின் இழை வழியாகக் கம்பி எர்த்தோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. பிரேக் விளக்குக்கு வழக்கமாக 21 வாட் பல்பு போடுவார்கள். எரியும்போது அதில் ஏறக்குறைய ஒன்றேமுக்கால் ஆம்பியர் பாய்கிறது, அப்போது இழையின் மின்தடை 7 ஓம் அளவு. அணைந்து குளிர்ந்திருக்கும்போது அதே இழையின் மின்தடை பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடும். அரை ஓம் என்று வைத்துக்கொள்வோம். டங்ஸ்டன் சூடேற ஏற மின்சாரத்துக்கு அதிகமாக இடைஞ்சல் செய்யும் உலோகம், அதனால்தான் இந்த வேறுபாடு. அரை ஓம் என்றால் கிட்டத்தட்ட நேரான கம்பிதான். மிதிக்காத நேரத்தில் பல்பு, விளக்காக இல்லாமல், எர்த்துக்குப் போகும் ஒரு துண்டுக் கம்பியாக வேலை பார்க்கிறது.

பெட்டி இதைச் சோதிக்கும் விதத்தைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எண்கள் காருக்குக் கார் மாறும். புரிந்துகொள்ள ஏதுவாக, பெட்டி தனக்குள் இருக்கும் 1000 ஓம் மின்தடை ஒன்றின் வழியாகப் பேட்டரியின் 12 வோல்ட்டை அந்தக் கம்பியில் கசியவிடுவதாகக் கொள்வோம். பாய்வது ஆயிரத்தில் பன்னிரண்டு பங்கு ஆம்பியர். பல்பு எரிய வேண்டியதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை; இழை சிவக்கக்கூடச் செய்யாது. இந்தச் சிறு ஓட்டம் அரை ஓம் இழையைக் கடக்கும்போது கம்பியில் தெரியும் மின்னழுத்தம் ஆயிரத்தில் ஆறு பங்கு வோல்ட். பெட்டியின் கண்ணுக்கு அது பூச்சியம். ‘சுவிட்ச் திறந்திருக்கிறது, கம்பி அறவில்லை, பல்பு இருக்கிறது, எர்த்தும் சரி’ என்ற நான்கு செய்திகளையும் அந்த ஒரு பூச்சியம் சொல்லிவிடுகிறது. கூடுதலாக ஒரு கம்பியோ உணரியோ வைக்காமல் இத்தனையும் கிடைத்தது. கஞ்சத்தனமும் கெட்டிக்காரத்தனமும் ஒன்றாகச் சேர்ந்த இத்தகைய வடிவமைப்பு எனக்குப் பிடிக்கும், பின்னால் வந்தவர்களுக்கு அது தலைவலி கொடுத்தபோதிலும்.

இனிப் பல்புகளையெல்லாம் கழற்றிவிடுவோம். கசிந்து வரும் மின்சாரத்துக்குப் போக்கிடம் இல்லை. ஓட்டம் இல்லாததால் பெட்டியின் 1000 ஓம் மின்தடையில் இழப்பும் இல்லை. கம்பி முழுதும் 12 வோல்ட்டில் ஏறி நிற்கும். பெட்டி பார்ப்பது பிரேக் மிதிபட்டபோது பார்க்கும் அதே 12 வோல்ட். உடனே மறுக்கிறது. எல்.இ.டி. பல்பு மாட்டினால் நடப்பது இதற்குச் சற்று நடுவில். ஒரு சிவப்பு எல்.இ.டி. சில்லுக்கு ஏறக்குறைய 2 வோல்ட் கிடைக்கும்வரை அது மின்சாரத்தை விடாது. மூன்று நான்கு சில்லுகளை வரிசையாகக் கோத்திருப்பதால் 6 முதல் 8 வோல்ட் வரும்வரை கதவு சாத்தியே இருக்கும். ஆகவே கம்பி பூச்சியத்துக்கு இறங்குவதில்லை. ஆறுக்கோ எட்டுக்கோ ஏறி நின்றுவிடுகிறது. இப்படிப்பட்ட காரில், இருட்டில் நின்று பார்த்தால் பிரேக்கை யாரும் மிதிக்காமலே எல்.இ.டி. மங்கலாக மினுக்குவதும் உண்டு. பெட்டி அனுப்பும் கேள்விதான் அங்கே வெளிச்சமாகத் தெரிகிறது.

ஐந்து நிமிடச் சோதனை

இவ்வளவு புரிந்தால், பழுதைக் கண்டுபிடிக்க விலையுயர்ந்த கருவி வேண்டாம். பழைய இழை பல்பு ஒன்றை எடுத்து ஒரு பக்கத்தில் மட்டும் மாட்டி ஓட்டிப் பார்ப்பது போதும். க்ரூஸ் உயிர்பெற்றால் வழக்கு முடிந்தது. மல்டிமீட்டர் இருந்தால் ஓட்டவே தேவையில்லை: சாவியையும் க்ரூஸையும் போட்டுவிட்டு, பிரேக்கை மிதிக்காமல், அந்தக் கம்பிக்கும் எர்த்துக்கும் நடுவே எத்தனை வோல்ட் என்று அளந்தால் பூச்சியத்தை ஒட்டி இருக்கவேண்டும். ஆறோ பன்னிரண்டோ காட்டினால், பெட்டி சரியாகத்தான் மறுக்கிறது.

தீர்வில்தான் பலர் சறுக்குகிறார்கள். எல்.இ.டி.யோடு ஒரு மின்தடையைச் சேர்த்தால் சரியாகிவிடும் என்று கேள்விப்பட்டு, இண்டிகேட்டர் விளக்குகளுக்காகக் கடையில் விற்கும் 6 ஓம் மின்தடையை வாங்கி மாட்டுவார்கள். க்ரூஸ் வேலை செய்யும். ஆனால் பிரேக்கை மிதிக்கும் ஒவ்வொரு முறையும் அந்த மின்தடையில் 2 ஆம்பியர் பாய்ந்து 24 வாட் வெப்பம் பிறக்கும். அது ரேடியோ பழுதுபார்ப்பவர் கையில் இருக்கும் சிறு சால்டரிங் அயர்னின் சூடு. அதை விளக்குக் கூட்டின் பிளாஸ்டிக்கோடு ஒட்டிவைத்துவிட்டுச் சிக்னல் சிக்னலாக நின்று போனால் என்ன ஆகும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. நம் எடுத்துக்காட்டில் 50 ஓம் வைத்தாலே கம்பி அரை வோல்ட்டை ஒட்டி இறங்கிவிடும். வெப்பமும் 3 வாட்டோடு நிற்கும். அதைவிட நல்லது, அமெரிக்காவில் 1986 மாடல் கார்களிலிருந்து கட்டாயமாக்கப்பட்ட மூன்றாவது பிரேக் விளக்கில், பின்கண்ணாடியின் நடுவில் இருப்பதில், இழை பல்பை அப்படியே விட்டுவிடுவது. அது ஒன்றே எர்த்துக்கு வழி கொடுத்துவிடும். புதிதாக எதையும் சேர்க்காத பழுதுநீக்கம்தான் எப்போதும் மேல்.

ஒரே கம்பியில் நான்கு பொத்தான்கள்

பிரேக் பக்கம் சரியாக இருந்தும் க்ரூஸ் வராவிட்டால் அடுத்து ஸ்டீயரிங். திரும்பிக்கொண்டே இருக்கும் சக்கரத்திலிருந்து பொத்தான்களின் செய்தியை வெளியே கொண்டுவர ‘கிளாக் ஸ்பிரிங்’ என்ற தட்டையான சுருள்நாடாவை வைத்திருக்கிறார்கள். கைக்கடிகாரத்தின் வில்போலச் சுருண்டு விரியும். நாடாவில் இடம் குறைவு என்பதால் பல கார்களில் எல்லாப் பொத்தான்களும் ஒரே கம்பியைப் பகிர்ந்துகொள்கின்றன. பொத்தானுக்குப் பொத்தான் மின்தடை வேறு. டொயோட்டா கார்கள் பலவற்றில் ‘ரெஸ்யூம்’ அழுத்தினால் 240 ஓம், ‘செட்’ அழுத்தினால் 630, ‘கேன்சல்’ அழுத்தினால் 1540, மெயின் சுவிட்சுக்குப் பூச்சியம். கணினி அளந்து பார்த்து யார் கூப்பிட்டது என்று அறிகிறது. ஒவ்வொரு பொத்தானுக்கும் சிறிது ஏற்ற இறக்கத்துக்கு இடம் உண்டு; அதைத் தாண்டினால் கணினிக்கு அது யார் குரலென்று தெரியாது. நாடாவிலோ பொத்தானிலோ களிம்பேறி 100 ஓம் கூடிப்போனால், ‘செட்’டின் 630 என்பது 730 ஆகி யாருடையதும் இல்லாத எண்ணாகிவிடும். பொத்தான் ‘க்ளிக்’கென்று நன்றாகத்தான் இருக்கும்.

இங்கேயும் அளப்பதற்கு முன் யோசித்தால் வேலை குறையும். அதே நாடாவில்தான் பல கார்களில் ஹாரனும் ஆடியோ பொத்தான்களும் ஏர்பேக்கும் வருகின்றன. க்ரூஸோடு ஹாரனும் ஊமையாகி, ஏர்பேக் எச்சரிக்கை விளக்கும் எரிந்தால் நாடாவைச் சந்தேகிக்கலாம். ஹாரன் ஒலித்து க்ரூஸ் மட்டும் படுத்தால் சந்தேகம் பொத்தான் பக்கம் சாயும். ஆனால் ஸ்டீயரிங்கைத் திறப்பது வீட்டில் பழகிப்பார்க்கும் வேலையில்லை. ஏர்பேக் என்பது வெடிமருந்து. பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, காரின் கையேடு சொல்லும் நேரம் காத்திருந்து, பழகியவர்தான் தொடவேண்டும்.

பாகத்தை மாற்றிவிட்டால் தீராதா?

இத்தனை யோசனை எதற்கு, இன்றுதான் ஸ்கேனர் இருக்கிறதே, செருகினால் பழுது எண் வந்துவிடுமே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பி0571 என்று வந்தால் பிரேக் சுவிட்ச் சுற்றில் கோளாறு. பி0564 என்றால் க்ரூஸ் பொத்தான்களின் உள்ளீட்டில். பி0500 என்றால் வேக உணரியில். ஆனால் அந்த எண் சுட்டிக்காட்டுவது சுற்றை. சுற்று என்றால் ஃபியூஸ், சுவிட்ச், அதன் இணைப்பான், கம்பி, எர்த் எல்லாம் சேர்ந்தது. ‘இந்தத் தெருவில் திருடன் இருக்கிறான்’ என்று சொல்லும் தகவல் அது; வீட்டு எண் அதில் இல்லை. பிரேக் சுவிட்ச் என்று வந்ததும் சுவிட்சை மாற்றுவது, தெருவின் முதல் வீட்டில் இருப்பவரைப் பிடித்து உள்ளே போடுவதற்குச் சமம். ஸ்கேனரின் உண்மையான பயன் வேறிடத்தில் இருக்கிறது. இன்றைய பிரேக் சுவிட்சுகளில் எதிரெதிராக வேலை செய்யும் இரு தொடுமுனைகள் உண்டு: மிதித்தால் ஒன்று மூடும், மற்றது திறக்கும். இரண்டும் ஒத்துச் சொல்கின்றனவா என்று கணினி பார்த்துக்கொண்டே இருக்கிறது. ஸ்கேனரின் நேரடித் திரையைப் பார்த்தபடி பெடலை மெல்ல மெல்ல அழுத்தினால், எது பின்தங்குகிறது, எது ஊசலாடுகிறது என்று கண்ணால் காணலாம். சில சமயம் சுவிட்சில் ஒரு கோளாறும் இருக்காது; பெடலுக்கும் அதற்கும் உள்ள இடைவெளி சற்று மாறியிருக்கும்.

இன்னொரு எதிர்வாதம் வலுவானது. பாகம் மலிவு, மெக்கானிக்கின் நேரம் விலை அதிகம். மாற்றிப் பார்ப்பதே சிக்கனம் அல்லவா? மாற்றியதும் சரியானால் வாதம் வென்றதுபோலத் தெரியும். ஆனால் பாகத்தை மாற்றும்போது இணைப்பானைக் கழற்றி மறுபடி செருகுகிறோம். அந்த உராய்வில் தொடுமுனையின் களிம்பு சுரண்டப்பட்டு, தற்காலிகமாக நல்ல தொடர்பு கிடைத்துவிடும். பழுது இணைப்பானில் இருந்திருந்தால் பெருமை புதுப் பாகத்துக்குப் போகும். இரண்டு மாதத்தில் பழுது திரும்பி வரும். அப்போது ‘டூப்ளிகேட் பாகம்’ என்று கடைக்காரர் தலையில் பழி விழும். இதைக் கண்டறியும் வழி ஒன்றுதான்: சரியானபிறகு பழைய பாகத்தையே திரும்ப மாட்டிப் பார்ப்பது. பழுது திரும்பினால் பாகம் குற்றவாளி. திரும்பாவிட்டால் அது தண்டனை பெற்ற நிரபராதி. ஆய்வுக்கூடத்தில் இந்த ஒழுக்கத்தை யாரும் கேள்வி கேட்பதில்லை. பட்டறையில் செய்பவர்கள் மிகக் குறைவு.

மல்டிமீட்டரையும் முழுதாக நம்பக்கூடாது என்பதை இங்கேயே சொல்லிவிடலாம். பல இழைகள் கொண்ட செம்புக் கம்பியில் ஒரே ஒரு இழை மட்டும் மிஞ்சியிருந்தாலும் மீட்டர் பூச்சியம் ஓம் என்றே காட்டும், ஏனெனில் அது அளக்க அனுப்பும் மின்சாரம் மிகச் சிறிது. பல்பு எரியத் தேவையான ஒன்றேமுக்கால் ஆம்பியர் அந்த ஒற்றை இழையில் ஓடும்போதுதான் தடுமாற்றம் தெரியும். ஆகவே விளக்கு, மோட்டார் போன்றவற்றின் கம்பிகளைச் சுமையோடு வேலைசெய்யவிட்டு, இரு முனைக்கும் நடுவே எத்தனை வோல்ட் தொலைகிறது என்று அளப்பதே சரி. நம்மூர் ஆட்டோ எலக்ட்ரீஷியன்கள் ஒரு பல்பில் இரண்டு கம்பி கட்டி வைத்திருக்கும் டெஸ்ட் லாம்ப் இந்த விஷயத்தில் மீட்டரைவிட யோக்கியமானது. கணினிக் கம்பியிலும் ஏர்பேக் கம்பியிலும் மட்டும் அதை வைக்கக்கூடாது.

காவல்காரன் வைத்த தீ

மறுப்பை நாடியே எல்லாவற்றையும் வடிவமைத்தால் பாதுகாப்பு தானாக வந்துவிடும் என்று இதுவரை படித்தவர் நினைக்கலாம். அதற்குப் பெரிய எதிர்ச்சாட்சி ஒன்று இருக்கிறது, அதுவும் நாம் எடுத்துக்கொண்ட அதே நிறுவனத்தின் கார்களில். பிரேக் விளக்குக் கம்பி ஒன்றை மட்டும் நம்பியிருக்கவேண்டாம் என்று ஃபோர்டு இரண்டாவது காவலாக ஒரு சுவிட்சை வைத்தது. பிரேக்கை ஓங்கி மிதித்தால் பிரேக் ஆயிலின் அழுத்தத்தாலேயே அது திறந்து, க்ரூஸின் கைக்குப் போகும் மின்சாரத்தைத் துண்டிக்கும். ஆயிலையும் மின்தொடுமுனைகளையும் பிரித்து வைத்தது மெல்லிய ஒரு சவ்வு. ஆண்டுக்கணக்கில் அழுத்தமும் தளர்வுமாக அலைந்து சவ்வில் விரிசல் விழுந்த கார்களில் ஆயில் உள்ளே கசிந்தது, தொடுமுனை அரித்தது, மின்சாரம் கசிந்து சூடேறியது, பிளாஸ்டிக் பற்றிக்கொண்டது. சாவியை எடுத்து வீட்டில் நிறுத்தியிருந்த கார்களும் எரிந்தன. சாவியை எடுத்தாலும் அந்த சுவிட்சில் எப்போதும் மின்சாரம் நின்றதுதான் காரணம்.

1999-இல் தொடங்கிப் பத்தாண்டுகளில் பலமுறை நடந்த திரும்பப்பெறுதல்களில், 2009 அக்டோபருக்குள் 1 கோடியே 40 லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் இந்த சுவிட்சுக்காக அழைக்கப்பட்டன. 2005-இல் மாற்றுப் பாகம் வரும்வரை பல வண்டிகளில் இணைப்பை உருவி வைத்து அனுப்பினார்கள். அந்த வண்டிகளில் க்ரூஸ் வேலை செய்யாதது பழுதே இல்லை, அதுதான் சிகிச்சை.

இது என் வாதத்தை உடைக்கிறதா? உடைக்கவில்லை, எல்லை போடுகிறது. சுவிட்ச் தன் கடமையைச் சரியாகவே செய்தது. பிரேக்கை மிதித்தபோது மறுத்தது. தவறு, அனுமதி கேட்கும் சுற்றில் தேவைக்குமேல் பலத்தை ஓடவிட்டதில். பல்பு இழை வழியே கேள்வி கேட்ட பழைய சுற்றில் ஓடியது ஆம்பியரில் ஆயிரத்தில் சில பங்கு. எங்கே கசிந்தாலும் தீப்பிடிக்க அதற்குத் தெம்பில்லை. அழுத்த சுவிட்சின் பின்னால் நின்றதோ ஒரு பேட்டரி முழுவதும். ஃபோர்டு கடைசியில் செய்த திருத்தமும் இதை ஒப்புக்கொள்வதுபோல இருந்தது: அந்தக் கம்பியின் நடுவே ஃபியூஸ் உள்ள ஒரு சிறு துண்டைச் சேர்த்தார்கள். கசிவு மிஞ்சினால் ஃபியூஸ் போகும், க்ரூஸ் படுக்கும், கார் பிழைக்கும்.

ஆகவே உங்கள் காரில் க்ரூஸ் நின்றுபோனால், எதையும் வாங்குவதற்கு முன் ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டுப் பின்னால் போய் நின்று பாருங்கள்: மூன்று விளக்கும் எரிகின்றனவா, விட்டதும் முழுதாக அணைகின்றனவா? பிறகு ஃபியூஸ், பிறகு ஹாரன். அதற்குமேல் பட்டறைக்குப் போகலாம். அங்கே யாராவது பிரேக் சுவிட்சின் இரு கம்பிகளை முறுக்கி ஒன்றாக்கி ‘இப்போ க்ரூஸ் வரும் சார்’ என்றால், கம்பியைப் பழையபடி பிரித்துப் போடச் சொல்லிவிட்டு, க்ரூஸ் இல்லாமலே வீட்டுக்கு ஓட்டி வாருங்கள்.